கச்சிதப் பித்தும் பேரிங் உட்காரும் இடமும்

பத்தாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எடுத்த ஐயாவின் மனைவி இறந்துபோன செய்தி வந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். உடனே கிளம்ப முடியாத நிலை. போனில் பேச வாய் வரவில்லை. சரி, கடிதம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

ஐயா ஒற்றுப்பிழை பொறுக்காதவர். கட்டுரை நோட்டில் ஒரு ‘க்’ விட்டுப்போனால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். பக்கத்துக்கு ஐந்து சுழி தாண்டினால் முழுக் கட்டுரையையும் திரும்ப எழுத வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் துக்கம் விசாரித்து எழுதுவதென்றால் எப்படி எழுதுவது? பிழை இருக்கக் கூடாது. எல்லாரும் எழுதும் தேய்ந்த வார்த்தையாக இருக்கக் கூடாது. அதற்காக அலங்காரமாகவும் இருந்துவிடக் கூடாது. நான்கு தாள் கிழித்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஒரு மாதம் ஓடியது. இப்போது தாமதத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆகவே கடிதம் முன்னைவிடச் சிறப்பாக இருந்தாக வேண்டும். இரண்டாவது மாதம் இன்னும் சிறப்பாக. இப்படியே ஏழு மாதம் போனது.

இதைத்தான் பெர்ஃபெக்‌ஷனிசம் என்கிறார்கள். நேர்முகத் தேர்வில் ‘உங்கள் பலவீனம் என்ன’ என்று கேட்டால், ‘நான் கொஞ்சம் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார்’ என்று பெருமையை மறைத்துக்கொண்டு சொல்வோமே, அதே சொல். நான் இதைக் கச்சிதப் பித்து என்று சொல்லிக்கொள்கிறேன். கச்சிதமாக வேலை செய்கிறவர்களிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, அவர்களால்தான் உலகம் ஓடுகிறது. அவர்கள் வேலையை முடித்துக் கையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். பித்துப் பிடித்தவர் கையிலிருந்து வேலை கிளம்புவதே இல்லை. கிளம்பினாலும், அனுப்பிய பிறகு நான்கு நாள் தூக்கம் போய்விடும்.

கனடாவின் உளவியலாளர்கள் பால் ஹூயிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையில்லாததை எதிர்பார்ப்பது ஒன்று. மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று. மருமகள் அறுத்த வெண்டைக்காயை எடுத்து அளவு பார்க்கும் மாமியார் இந்த வகை. மூன்றாவது, மற்றவர்கள் நம்மிடம் குறையில்லாததை எதிர்பார்க்கிறார்கள் என்று நாமே நம்பிக்கொண்டிருப்பது. இந்த மூன்றாவதற்குத் தமிழில் விளக்கமே வேண்டாம். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்றால் போதும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை கல்லூரி மாணவர்களிடம் எடுத்த அளவீடுகளைத் தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தபோது மூன்று வகையுமே கூடியிருந்தன. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூடியிருந்தது அந்த நாலு பேர் வகைதான்.

நம் ஊரில் இந்தப் பித்து எங்கிருந்து ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு எனக்கொரு கணிப்பு உண்டு. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறோம். அங்கே அரை மார்க் என்பது அரை மார்க் இல்லை. அந்த அரை மார்க்குக்குள் ஒரு பெரிய கூட்டமே நிற்கும். ஆகவே 98 எடுத்த பிள்ளையிடம் ‘அந்த ரெண்டு எங்க போச்சு’ என்று கேட்ட அப்பா முழு முட்டாள் இல்லை. அந்தப் பந்தயத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. சிக்கல் என்னவென்றால், பதினெட்டு வயதுக்கு மேல் நாம் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை அந்த மாதிரிப் பந்தயமே இல்லை. பைக் லைசென்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டுகிறோம். கால் ஊன்றாமல் போட்டால் பாஸ். பக்கத்தில் நின்றவரைவிட அழகாக எட்டு போட்டதற்காக யாருக்கும் தடித்த லைசென்ஸ் கொடுப்பதில்லை. நாமோ எட்டு போடும் இடத்திலும் கட்-ஆஃப் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

இதற்கு மாற்று என்ன? ‘விடுப்பா, ஏதோ ஒண்ணு பண்ணு’ என்பது மாற்று இல்லை. பித்துப் பிடித்தவருக்கு அந்த யோசனை காதில் ஏறவே ஏறாது. அலட்சியத்துக்குப் பயந்துதானே அவர் இந்தப் பக்கம் ஓடி வந்தார்! அவர் ஏற்றுக்கொள்ளும் மாற்று, துல்லியத்தை மதிக்கும் இடத்திலிருந்துதான் வர வேண்டும். எனக்கு அது ஒரு லேத் பட்டறையிலிருந்து வந்தது.

பேரிங்குக்குக் கண் இருக்கிறதா?

கோயம்புத்தூர் கணபதியில் என் மாமா ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் சும்மா இருக்காதே என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். பம்ப் மோட்டாருக்கான ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டுதான் அங்கே முக்கிய வேலை. அந்தத் தண்டை உரசாமல் சுழலவிட்டுத் தாங்கும் வளையம்தான் பேரிங். லேத்தில் கடைந்து, பேரிங் உட்காரும் இடத்தை மட்டும் கிரைண்டிங் பிடித்து, அளவு பார்த்து, எண்ணெய் தடவி அடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது என் வேலை.

ஒரு நாள் மதியம், அடுக்கி வைத்த ஷாஃப்ட் ஒன்றில் பேரிங் உட்காரும் இடம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. எமரித் தாளை எடுத்து லேத்தில் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. மாமா பார்த்துப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வந்து, அளவு சரிபார்க்கும் கேஜை வைத்தார். முகம் மாறியது.

“யாரு மாப்ளே உன்னையத் தேய்க்கச் சொன்னது?”

“இல்லைங் மாமா, பளபளன்னு இருக்கட்டும்னு...”

“பேரிங்குக்குக் கண்ணு இருக்குதா?”

தேய்த்ததில் அளவு குறைந்து, ஷாஃப்ட் ஸ்கிராப்புக்குப் போனது. அன்று புரியாத விஷயத்தை இப்போது கணக்கோடு சொல்கிறேன். 6205 என்று ஒரு பேரிங் உண்டு. அதன் உள் விட்டம் 25 மில்லிமீட்டர். அது உட்காரும் ஷாஃப்டின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்? 25 என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஆனால் இதற்கு வழக்கமாகப் போடும் ஓர் அளவு முறையின்படி, விட்டம் 25.002-லிருந்து 25.015-க்குள் இருக்க வேண்டும். இடைவெளி 13 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமனே சாதாரணமாக 50 மைக்ரானுக்கு மேல் வரும். இந்த இடைவெளிக்குள் எங்கே இருந்தாலும் அது நல்ல ஷாஃப்ட். கீழே இறங்கினால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேலேயே வழுக்கிச் சுற்றித் தேய்க்கும். மேலே ஏறினால் பேரிங் இறுகிச் சூடேறும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் தவம் செய்து மிகச் சரியாக 25.000 மில்லிமீட்டருக்குக் கடைந்து கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு போட்ட டிராயிங்கின்படி, அதாவது வேலைக்கான வரைபடத்தின்படி, அது ரிஜெக்ட்.

இந்த மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவில் விட்டுவைக்கும் இடத்துக்குப் பெயர் டாலரன்ஸ். அளவு எழுதிய எந்த டிராயிங்கிலும் இது இல்லாமல் இருக்காது. எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும், இல்லையென்றால் ‘டாலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கு இது பொருந்தும்’ என்று மூலையில் ஒரு வரி இருக்கும். ஏனென்றால் வெறும் எண்ணை யாராலும் கடைய முடியாது. எஃகு சூட்டில் விரியும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 10 டிகிரி சூடேறினாலே கிட்டத்தட்ட 3 மைக்ரான் பெருக்கும். அதனால்தான் ‘இந்த அளவு’ என்று சொன்னால் 20 டிகிரி செல்சியஸில் என்று உலகம் முழுக்க ஒப்பந்தம் செய்து வைத்திருக்கிறார்கள். மே மாதம் தகரக் கூரைப் பட்டறையில் நின்று 25.000 என்று சொல்வதற்குப் பொருளே கிடையாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, அதே ஷாஃப்டின் நீளம். 200 மில்லிமீட்டர் நீளம் என்றால், தனியாக எதுவும் எழுதாத பட்சத்தில், அரை மில்லிமீட்டர் கூடலாம், அரை மில்லிமீட்டர் குறையலாம். ஒரே இரும்பு, ஒரே வேலை. ஓரிடத்தில் 13 மைக்ரான் இடைவெளி, இன்னோரிடத்தில் 1000 மைக்ரான். நடுவில் காற்றில் சும்மா சுற்றும் பகுதியில் டூல் ஓடிய கோடுகள் அப்படியே கிடக்கும். அதையும் கிரைண்டிங் பிடிக்கலாம். பிடித்தால் கூலி ஏறும், லாரி கிளம்பும் நேரம் தாண்டும், மோட்டார் ஒரு சுற்றுகூட அதிகமாகச் சுற்றாது.

கச்சிதப் பித்து என்பது டாலரன்ஸ் எழுதாத டிராயிங்கை வைத்துக்கொண்டு வேலை செய்வது. எல்லா இடத்துக்கும் வெறும் எண். எல்லா இடமும் பேரிங் உட்காரும் இடம். இதற்கு மாற்றாக நான் சொல்ல வருவது கொஞ்சம் அலுப்பான காரியம்தான்: தொடங்குவதற்கு முன்பே எங்கே மைக்ரான், எங்கே மில்லிமீட்டர் என்று எழுதி வைப்பது.

‘80 சதவீதம் இருந்தால் போதும், அனுப்பிவிடு’ என்று நிறையப் பேர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லா இடத்தையும் ஒரே மாதிரி 20 சதவீதம் தளர்த்தினால் பேரிங் இடமும் தளர்ந்துவிடும், மோட்டார் எரிந்துபோகும். பித்துப் பிடித்தவரின் பயம் அங்கே சரியான பயம்.

போதும் என்று முன்பே சொல்லிவைத்தல்

இதே எண்ணத்தைப் பொருளாதாரப் பக்கத்திலிருந்து சொன்னவர் ஹெர்பர்ட் சைமன். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர். மனிதர்கள் முடிவெடுக்கும்போது இருக்கும் வாய்ப்புகள் எல்லாவற்றையும் எடைபோட்டு ஆகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பொருளாதாரப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. சைமன் அதை மறுத்தார். அத்தனை வாய்ப்புகளும் நமக்குத் தெரியவராது, தெரிந்தாலும் எடைபோட நேரமும் மூளையும் போதாது. அதனால் மனிதர்கள் ஒரு மட்டம் வைத்துக்கொள்கிறார்கள், அந்த மட்டத்தைத் தாண்டும் முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். ‘நிறைவு’, ‘போதும்’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி ‘சாட்டிஸ்ஃபைஸ்’ என்று ஒரு சொல்லையும் 1956-இல் எழுதிய கட்டுரையில் புழக்கத்துக்கு விட்டார்.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது உடனே விளங்கும். தண்ணீர் வர வேண்டும், வாடகை இவ்வளவுக்குள், பிள்ளையின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். மூன்றும் பொருந்திய முதல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. நாற்பது வீடு பார்த்துவிட்டு மூன்றாவதாகப் பார்த்த வீடுதான் நல்லது என்று திரும்பிப் போனால் அங்கே வேறு யாரோ பால் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். சைமன் சொன்ன மட்டம் அசையாத மட்டமும் இல்லை. பார்க்கிற வீடெல்லாம் சுலபமாகத் தாண்டினால் மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். பத்து வீடு பார்த்தும் ஒன்றுகூடத் தாண்டவில்லையென்றால் நம் ஆசையைத்தான் கொஞ்சம் இறக்க வேண்டும்.

ஆகச் சிறந்ததையே தேடுகிறவர்களுக்குச் சிறந்தது கிடைக்கவே செய்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஷீனா ஐயங்கார், பாரி ஷ்வார்ட்ஸ் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் படிப்பு முடித்து வேலை தேடிய மாணவர்களைப் பற்றியது. சிறந்ததைத்தான் எடுப்பேன் என்ற குணமுள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட 20 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் திருப்தி குறைவாக இருந்ததும், தேடிய காலம் முழுக்க மனம் நொந்து கிடந்ததும் அவர்கள்தான். 20 சதவீதம் சின்னத் தொகை இல்லை. அதற்காக நோகலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். எதற்காக நோகிறோம் என்று தெரிந்து நோக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு ரூபாய் விலை வித்தியாசத்துக்காக மிக்ஸி வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறோமே, அந்த நோவுக்கு 20 சதவீதமும் கிடையாது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிக் கோட்ரோ 2019-இல் இன்னொரு கோடு கிழித்தார். உயர்ந்த, ஆனால் எட்டக்கூடிய இலக்கு வைத்துக்கொண்டு, வளைந்துகொடுத்து உழைப்பது ஒன்று. அதையும் தாண்டிக் குறையே இல்லாததைத் துரத்துவது வேறொன்று. இரண்டையும் இதுவரை ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம், பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். அப்படிப் பிரித்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில், சிறப்பைத் தேடியவர்களைவிடக் குறையின்மையைத் துரத்தியவர்கள் முன்னே போய்விடவில்லை. புதிதாக யோசிக்க வைக்கும் சோதனைகளில் பின்தங்கவும் செய்தார்கள். இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறவருக்குக் கோணங்கித்தனமான யோசனை எப்படி வரும்?

மூன்றாவது ரகம் போதும்

உயிர் போகிற விஷயத்தில் இதெல்லாம் ஆகுமா என்று கேட்கலாம். உயிர் போகிற விஷயத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1935 பிப்ரவரி 26. இங்கிலாந்தின் டேவன்ட்ரி அருகே ஒரு வயலில் வானொலி ஆய்வாளர் ராபர்ட் வாட்சன்-வாட்டும் அவருடைய உதவியாளரும் ஒரு சோதனை செய்தார்கள். பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பிலிருந்து கிளம்பும் அலைகள் பறக்கும் விமானத்தில் பட்டுத் திரும்புகின்றனவா என்று பார்க்கும் சோதனை. திரும்பின. ஹிட்லரின் விமானப்படை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. எப்போது போர் வரும் என்று யாருக்கும் தெரியாது.

வாட்சன்-வாட் கட்டிய ரேடார் வரிசைக்குச் செயின் ஹோம் என்று பெயர். பொறியாளர் கண்ணுக்கு அது அழகான பொருள் இல்லை. குறுகிய அலைநீளத்தில் வேலை செய்தால் துல்லியம் கூடும் என்று தெரிந்தும், அப்போது கையில் இருந்த வானொலிக் கருவிகளால் செய்ய முடிந்த பத்து மீட்டருக்கும் மேலான அலைநீளத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஆன்டெனா சுழலாது. 110 மீட்டர் உயர இரும்புக் கோபுரங்கள் கடலைப் பார்த்து அசையாமல் நிற்கும். தாழ்வாகப் பறக்கும் விமானம் கண்ணில் படாது. கடற்கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட விமானத்தைப் பின்தொடர முடியாது. அதே காலத்து ஜெர்மன் ரேடார்கள் கருவி என்ற முறையில் இதைவிட நேர்த்தியானவை.

மூன்றாவது ரகத்தை இப்போது கொடுத்துவிடுங்கள், இரண்டாவது ரகம் தாமதமாகத்தான் வரும், முதல் ரகம் வரவே வராது என்ற பொருளில் அவர் சொன்ன வாசகம் பொறியாளர்களிடையே இன்றும் புழங்குகிறது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது கிழக்கு, தெற்குக் கரைகளில் சுமார் 20 நிலையங்கள் வேலை செய்துகொண்டிருந்தன. 1940 கோடையில் ஜெர்மன் விமானங்கள் திரண்டு வந்தபோது, அவை கடலுக்கு மேலே இருக்கும்போதே லண்டனுக்குச் செய்தி போனது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த வாசகம்கூட இல்லை, ஓட்டைகளை அவர்கள் நடத்திய விதம். தாழ்வாகப் பறப்பவை தெரியாது என்பது தெரிந்த குறை. அதற்காகச் செயின் ஹோமை நிறுத்திவைக்கவில்லை. தாழ்வாகப் பார்க்கும் தனி ரேடார்களைப் பக்கத்தில் சேர்த்தார்கள். உள்நாட்டுக்குள் தெரியாது என்பதற்கு, பைனாகுலரும் டெலிபோனும் கொடுத்துத் தொண்டர்களை ஊர் ஊராக நிறுத்தினார்கள். குறை எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால் அதற்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திவிடலாம். நம் தையல்காரர்கள் ரவிக்கையின் உள்ளே துணி விட்டு மூன்று தையல் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். இன்றைய அளவு என்றைக்கும் நிற்காது என்று அவருக்குத் தெரியும், அதனால் இன்றைக்கே தைத்துக் கொடுத்துவிடுகிறார்.

மருந்துக்கும் இதே கணக்குதான். ‘500 மில்லிகிராம்’ என்று அச்சடித்த பாரசிட்டமால் மாத்திரையில் 475 முதல் 525 வரை இருக்கலாம் என்றுதான் மருந்துத் தர நூல் அனுமதிக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று கறாராகப் பார்ப்பார்கள். சரியாக 500 இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

வீட்டு வேலைக்கு டிராயிங் போடுவது

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரமாக வாட்ஸப்பில் டிசைன் ஓடுகிறது. மயில் வேண்டுமா, யானை வேண்டுமா, மெரூன் நிறம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக. இதில் பேரிங் உட்காரும் இடம் எது? தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், பெரியவர்களின் பெயர், இனிஷியல். இவற்றை மூன்று பேர் தனித்தனியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறதா என்று காலண்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே டாலரன்ஸ் சைபர்தான். சித்தப்பாவின் பெயரில் எழுத்து மாறிப்போன பத்திரிகை எத்தனை வருடம் பேசப்படும் என்பது உங்களுக்கே தெரியும். மயிலா யானையா என்பது காற்றில் சுற்றும் பகுதி. நான் பார்த்த வரையில் பிழை விழுவதெல்லாம் மைக்ரான் இடத்தில்தான். எல்லாரும் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆங்கிலம் பேசுவது இன்னொன்று. என் சித்தி பையன் ஆங்கில நாளிதழை வரி விடாமல் படிப்பான். வாய் திறக்க மாட்டான். இலக்கணம் தப்பாகிவிடும் என்ற பயம். மீட்டிங்கில் அவனுக்குத் தெரிந்த பதிலை, பாதி தெரிந்த இன்னொருவன் தப்புத் தப்பான ஆங்கிலத்தில் சொல்லிப் பெயர் வாங்குவான். அவனுக்கு நான் போட்டுக்கொடுத்த டிராயிங் இவ்வளவுதான்: எண், பெயர், ‘ஆம்’ ‘இல்லை’, என்றைக்கு முடியும் என்ற நாள், இந்த நான்கும் தப்பக் கூடாது. காலமும் ஒருமை பன்மையும் வழுக்கினால் வழுக்கட்டும். ஒரு மாதம் கழித்து, “இப்பவும் தப்பாத்தாண்ணா பேசறேன், ஆனா பேசறேன்” என்றான்.

இப்படி எழுதும்போது இரண்டு காரியம் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, பட்டறையில் கேஜ் முன்பே செய்து வைத்திருப்பார்கள். எங்கள் பட்டறையில் இருந்த கேஜில் இரண்டு வாய் உண்டு. ஒன்று ‘கோ’, அதற்குள் ஷாஃப்ட் நுழைய வேண்டும். இன்னொன்று ‘நோ-கோ’, அதற்குள் நுழையக் கூடாது. பார்த்து முடித்தால் அடுத்த ஷாஃப்ட். எவ்வளவு நல்ல ஷாஃப்ட் என்று அந்த கேஜுக்குச் சொல்லத் தெரியாது. நமக்கும் அப்படி ஒரு மொண்ணையான கேஜ் வேண்டும், அதை வேலை தொடங்கும் முன்பே தாளில் எழுதிவிட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குக் களைத்த மூளையோடு கேஜை மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தோன்றும் ‘இன்னும் கொஞ்சம்’ எல்லாம் எமரித் தாள்தான்.

இரண்டு, திருத்த முடிந்ததா முடியாததா என்று பிரிப்பது. ஷாஃப்ட் பெரிதாக இருந்தால் இன்னொரு கட்டிங் எடுக்கலாம், சிறுத்துவிட்டால் ஒட்ட முடியாது. அச்சுக்குப் போகும் புத்தகமும் வீட்டு அஸ்திவாரமும் சிறுத்தால் ஒட்ட முடியாத வகை. நாளைக்கே திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு ஃபைலை அதே பயத்தோடு பிடித்துக்கொண்டிருப்பதில்தான் நம் வயது கழிகிறது.

கேஜ் எழுதிப் பார்த்தும் கை அனுப்ப மறுக்கிறது என்றால்? ஓரிரு முறை மறுக்கும், பழகப் பழகத் தளரும். சிலருக்கு அது தளராது. தூக்கம், சாப்பாடு எல்லாவற்றிலும் கை வைக்கும். ஒரே கதவைப் பத்து முறை பூட்டிப் பார்க்க வைக்கும், ஒரு சின்னத் தப்புக்காக வாழவே தகுதியில்லை என்று தோன்ற வைக்கும். அது கட்டுரை படித்துச் சரியாகிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கடிதத்துக்கு வருகிறேன். ஏழாவது மாதம் ஒரு தாளின் மூலையில் டிராயிங் போட்டேன். ஐயா வீட்டு அம்மாவின் பெயர் வர வேண்டும். அவர் கையால் நான் சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். இன்றைக்குத் தபால் எடுப்பதற்கு முன் பெட்டியில் விழ வேண்டும். மற்றதெல்லாம் எப்படியும் இருக்கலாம். ஆறு வரி வந்தது, பத்து நிமிடம் ஆனது. பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது: அம்மா சொல்வதாக நான் எழுதிய ‘சாப்பிட்டுப் போ கண்ணு’ என்ற வரியில் ‘ப்’ போடவில்லை.

பொங்கலுக்குப் போனேன். ஐயா இளைத்திருந்தார். காப்பி அவரே போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக இருந்தது. பேச்சு நடுவில் எதையோ படித்துக் காட்ட மூக்குக்கண்ணாடியைத் தேடி, கூட்டைத் திறந்தார். கண்ணாடிக்கு அடியில் என் கடிதம் நாலாக மடித்துக் கிடந்தது. மடிப்புகள் நைந்திருந்தன. ‘சாப்பிட்டு’க்கும் ‘போ’வுக்கும் நடுவில் சிவப்பு மையில் ஒரு சுழி.